காண்ட்ராக்ட் அட்டையும் பணி ஆணையும்

“ரிசைன் பண்ணிடட்டுமாண்ணா?”

கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் வைத்து அந்தத் தம்பி கேட்டார். கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு மின்சார ரயிலில் வந்து இறங்கியிருந்தார். வயது 27. மெக்கானிக்கல் டிப்ளமோ. கட்டடக் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில் ஒன்றில் ஐந்து ஆண்டு முடிந்து ஆறாவது ஆண்டு நடக்கிறது. தோளில் தொங்கிய பையில் காலி டிபன் பாக்ஸ்; அதை ஒட்டி ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம். பக்கத்தின் ஓரமெல்லாம் கிரீஸ் கறை. குரூப் 4 எழுத வேண்டும், 12 மணி நேர வேலையில் படிக்க முடியவில்லை, வேலையை விட்டுவிட்டால் ஒரு வருஷம் உட்கார்ந்து படித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

“வேணாம் தம்பி” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ரயிலில் வரும்போதே நான் சரி என்று சொல்லிவிடுவேன் என நினைத்துக்கொண்டு வந்திருப்பார் போல. ஏன் வேண்டாம் என்பதை அந்த நடைமேடையில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவருக்குத் தூக்கம், எனக்கு வேறு வேலை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் கிராமத்துச் சமுதாயக் கூடத்தில் நாங்கள் நடத்தும் வகுப்புக்கு இதே கேள்வியோடு வந்தவர்கள் பலர்.

எந்த ஊர், எந்தத் தெரு?

கம்பெனி வேலையை விட்டு அரசு வேலைக்குப் போக நினைப்பவர்களைப் பார்த்து, ‘நோகாமல் நுங்கு தின்னப் பார்க்கிறார்கள்’ என்று பேசுகிறவர்கள் உண்டு. உருக்கு உலை பக்கத்தில் கோடைக்காலத்து ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வந்து அவர்கள் அதைச் சொல்லட்டும். வேலை கடினம் என்பதற்காக நம் பிள்ளைகள் கம்பெனியை விடுவதில்லை. நடவும் அறுப்பும் செங்கல் சூளையும் பார்த்த குடும்பங்கள் நம்முடையவை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தத் தம்பியின் கழுத்தில் தொங்கும் அட்டையில் மில்லின் பெயர் இல்லை. லேபர் காண்ட்ராக்டரின் பெயர் இருக்கிறது. ஐந்து ஆண்டில் மூன்று காண்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். அதே ஷெட், அதே இயந்திரம், அதே சூப்பர்வைசர். அட்டை மட்டும் புதிது. அட்டையில் ‘பணியில் சேர்ந்த தேதி’யும் புதிது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தொடர்ச்சியை அட்டையே அறுத்துவிட்டால் அவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970-ல் ஒரு சட்டம் வந்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்யலாம் என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த அதன் 10-ஆவது பிரிவு சொன்னது. ஆனால், அப்படித் தடை செய்தாலும் அந்தத் தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-ல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிப்காட் கேட்டுகளில் இன்று நாம் பார்க்கும் நிலைமைக்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இது எல்லாச் சாதித் தொழிலாளிக்கும் உள்ள துன்பம்தானே, இதில் தலித்துக்கு மட்டும் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் அனுபவத்தைச் சொல்கிறேன். எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் டைம் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். வருகைப் பதிவேடு எழுத நல்ல கையெழுத்து போதும். மூன்று மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள். கொடுத்தேன். முகவரியில் கிராமத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘காலனி’ என்று இருந்தது. அடுத்த வாரம் எனக்கு யார்டு வேலை. யாரும் திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை. ‘அங்கே ஆள் கம்மி’ என்றார்கள், அவ்வளவுதான். எந்த அதிகாரியிடமும் புகார் கொடுக்க முடியாத அளவுக்குச் சுத்தமாக அது நடந்தது.

வடநாட்டில் பெயரிலேயே சாதி தெரியும். பொருளாதார அறிஞர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அதை வைத்துத்தான் நடந்தது. ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்டவர் நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, மேல்சாதிப் பெயர் கொண்டவருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. நம் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால், பெயர் சொல்லாததை இங்கே முகவரி சொல்லிவிடுகிறது. ‘எந்த ஊர்?’ என்று தொடங்கும் பேச்சு ‘எந்தத் தெரு?’ என்பதில் போய் நிற்கும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. எங்கள் ஊர் ஆதார் அட்டைகளில் அந்தச் சொல் போய்விட்டதா என்று ஒவ்வொரு வீடாகப் பார்க்க வேண்டிய வேலை எங்களுக்கு மிச்சமிருக்கிறது.

இந்த இடத்தில் குரூப் 4 தேர்வின் ஒரு தன்மையைக் கவனிக்க வேண்டும். அதற்கு நேர்காணல் கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. உங்கள் எதிரே உட்கார்ந்து யாரும் தெரு விசாரிப்பதில்லை. சாதியும் அங்கே கேட்கப்படுகிறது. ஆனால் உங்களை வெளியே தள்ளுவதற்காகக் கேட்கப்படுவதில்லை, இனச்சுழற்சிப் பட்டியலில் உங்களுக்குரிய இடத்தைக் குறிப்பதற்காகக் கேட்கப்படுகிறது. கம்பெனி கேட்டில் மறைக்க வேண்டியிருந்த ஒன்றை இங்கே சான்றிதழோடு நீட்டலாம். நம் பிள்ளைகளை இழுப்பது இந்த வித்தியாசம்தான். சம்பளம் அதற்கு அடுத்தது.

அண்ணல் விட்ட தொழில்

தனியார் தொழிலை விட்டு அரசு வேலைக்குப் போனவர்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் அண்ணல் அம்பேத்கர். 1917-ல் லண்டனிலிருந்து திரும்பியதும் ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பியூன்கள் கோப்புகளை அவர் மேசையில் தூரத்திலிருந்து வீசினார்கள் என்பதும், தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கியதும், அங்கிருந்தும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதும் நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. அதற்கு அடுத்த கட்டத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. பம்பாய் திரும்பிய அவர் டியூஷன் எடுத்தார். முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றையும் தொடங்கினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவரிடம் ஆலோசனை கேட்க ஆட்கள் வந்தார்கள். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழில் படுத்துவிட்டது. 1918 நவம்பரில் பம்பாயில் அரசு நடத்திய சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கேயும் ஆசிரியர் அறைப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்கு எதிர்ப்பு வந்தது.

ஆக, பரோடாவிலும் சாதி, பம்பாய்ச் சந்தையிலும் சாதி, அரசுக் கல்லூரியிலும் சாதி. ஆனால் மூன்றிலும் அதன் விளைவு ஒன்றாக இல்லை. சந்தை அவருடைய பிழைப்பையே பறித்தது. கல்லூரியில் பானையை வைத்துச் சண்டை வந்தது, வேலை போகவில்லை. 1942-ல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானபோது அவர் இதை மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8⅓ சதவீத இடஒதுக்கீடு 1943 ஆகஸ்டில் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டதும் அந்தத் துறை அவரிடம் இருந்த 1945-ல்தான். திருவள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நிற்கும்போது இது ஞாபகத்துக்கு வந்தால் கால்வலி கொஞ்சம் குறையும்.

பக்கத்தில் கம்பெனி, கதவு தூரத்தில்

தொழிற்சாலை வந்தால் உள்ளூர்க்காரனுக்கு வேலை வரும் என்ற வாக்குறுதியைத் திருவள்ளூர் மாவட்டம் கேட்ட அளவு வேறு எந்த மாவட்டமும் கேட்டிருக்குமா தெரியவில்லை. தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் கிராமம். தாங்கள் ஆடு மாடு மேய்த்த, விறகு எடுத்த, பல தலைமுறையாகக் காத்துவந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலமும் காடும் சிப்காட்டுக்குப் போவதை எதிர்த்து அந்த மக்கள் போராடினார்கள். கைது, வழக்கு எல்லாம் பார்த்தார்கள். மிஷ்லின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க 2009-ல் அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2012-ல் அந்தப் பிரச்சினை பிரான்சு வரைக்கும் போனது; கிராமச் சங்கமும் தமிழ்நாட்டு, பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை குறித்த ஓ.இ.சி.டி. விதிகளின் கீழ் அங்கே புகார் அளித்தன.

நிலம் போன பிறகு நடப்பதை எந்த சிப்காட்டிலும் பார்க்கலாம். தோட்ட வேலை, ஹவுஸ் கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் என்று சுற்றுச்சுவரை ஒட்டிய வேலைகள்தான் பக்கத்துச் சேரிகளுக்கு முதலில் வருகின்றன. அதுவும் காண்ட்ராக்டில். ஆலைக்குள் கனமான வேலைக்குப் பீகார், ஒடிசா இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தகரக் கொட்டகையில் தங்கி, சங்கம் வைக்க முடியாமல், சம்பளம் பாக்கி என்றால் கேட்க ஆளில்லாமல் இருக்கும் அவர்களில் எத்தனை பேர் நம்மைப் போன்ற சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்று பேசிப் பார்த்தால் தெரியும்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை புதிதல்ல. 2004-ல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் அது பேசப்பட்டது. முதலாளிகள் சங்கங்கள் ‘சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று நடத்தை விதி ஒன்றை எழுதிக்கொண்டன. இருபது ஆண்டாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரசே கம்பெனி ஆகும்போது

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவர்கள் கம்பெனியிலிருந்து அரசை நோக்கி நடக்கும்போது, அரசு எதிர்ப்புறமாகக் கம்பெனியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது.

நம் மாவட்டத்து ஆவடியைப் பாருங்கள். கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை என்றால் ஒரு காலத்தில் ஊரே திரும்பிப் பார்க்கும். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆவடி தொழிற்சாலை இப்போது ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ். அரசுக்குச் சொந்தமான நிறுவனம்தான். ஆனாலும் ‘நான் மத்திய அரசு ஊழியர்’ என்று சொல்லி வந்தவர்களின் பிள்ளைகள் இனி அதே சொல்லைச் சொல்ல முடியாது.

சென்னையில் நடந்தது இன்னும் கசப்பு. 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போனதை எதிர்த்து 13 நாள். பெரும்பாலும் தலித் பெண்கள். பத்து ஆண்டுக்கு மேல் குப்பை வாரியவர்கள், என்றாவது ஒரு நாள் நிரந்தரமாவோம் என்று காத்திருந்தவர்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மற்ற மாநகராட்சிகளில் அடிமட்டப் பணிகளை வெளிமுகமைக்கு விடும் அரசாணை 152, 2022-லேயே வந்துவிட்டது. சாதி நம் தலையில் கட்டிய வேலையை ஒழிக்க வேண்டும் என்பதுதான் நம் கொள்கை. ஆனால் வேலை அப்படியே நம்மிடம் இருக்க, அதிலிருந்த அரசு முத்திரையை மட்டும் எடுத்துவிடுவதற்குப் பெயர் ஒழிப்பு அல்ல.

இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தம்பிக்கு வேண்டாம் என்றேன். எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025-ல் அறிவிப்பு 3,935 இடங்களுக்கு. விண்ணப்பங்கள் ஏறக்குறைய 13.9 லட்சம். பிறகு இடங்களைக் கூட்டுவார்கள் என்பது வேறு. 3,935-ல் நம்முடைய 18 சதவீதத்தைத் தோராயமாகக் கணக்கிட்டால் 700-ஐச் சற்றே தாண்டும், அருந்ததியருக்கான 3 சதவீத உள்ஒதுக்கீடும் சேர்த்து. பழங்குடியினரின் 1 சதவீதத்துக்கு 40 இடம்கூட வராது. நம் மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த 40-க்குள் வருவதற்கு முதலில் கோட்டாட்சியரிடமிருந்து சாதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அது தனிக் கதை, இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

இப்படி ஒரு கூட்டத்தில், வீட்டில் ஒரே சம்பளக்காரர் வேலையை விட்டுவிட்டு ஒரு தேர்வை நம்பி உட்கார்ந்தால், முதல் தடவை தவறினாலே குடும்பம் கந்துவட்டிக்குப் போய்விடும். அப்பா மறுபடி சூளைக்குப் போவார். போட்டி போடுகிற மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் உட்கார்ந்து சாப்பிட நிலம் இருக்கிறது, பென்ஷன் வாங்கும் தாத்தா இருக்கிறார். நமக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை, வயது வரம்பில் தளர்வு உண்டு. எந்தச் சலுகையும் தராத ஒன்று, நேரம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். கும்மிடிப்பூண்டியின் பல ஷெட்களில் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே 12 மணி நேரம்தான், திரும்பப் பெற்ற பின்பும் 12 மணி நேரம்தான்.

விடும்போது விடாமல் வாங்க வேண்டியவை

எங்கள் வகுப்பில் படித்த ஒரு தங்கை இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அதற்கு முன் ஆறு ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தார். அவர் செய்தது எளிமையான ஒன்று: பணி ஆணை கைக்கு வரும் வரை கம்பெனியில் மூச்சு விடவில்லை. கேன்டீன் இடைவேளையில் படித்தார். போனில் அவர் பதிவு செய்து வைத்திருந்த இலக்கணக் குறிப்புகள் என் குரலில்தான் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் போக வர 40 நிமிடம், பகுபத உறுப்பிலக்கணம் கேட்டுக்கொண்டே போவாராம். மூன்றாவது முயற்சியில் தேறினார். ‘உங்க குரலைக் கேட்டாலே தூக்கம் வந்துடும்ணா, அதையும் தாண்டித்தான் பாஸ் பண்ணேன்’ என்று இன்றும் கிண்டல் செய்வார்.

தேறிய பிறகுதான் அவருக்குத் தொல்லை. ராஜினாமா கொடுத்ததும் நோட்டீஸ் காலம் முடியவில்லை என்று விடுவிப்புக் கடிதத்தை இழுத்தார்கள். பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் தவறு. முதல் இரண்டு ஆண்டு வேறொரு காண்ட்ராக்டர் கணக்கில் இருந்ததால் இரண்டு யு.ஏ.என். எண்கள். இவற்றை நேர்செய்ய அம்பத்தூருக்கு அலைந்தது போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் கம்பெனியில் இருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: தேர்வு எழுதுகிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே உங்கள் யு.ஏ.என். எண்ணில் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு காண்ட்ராக்டர் அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். பணிக்கொடை கேட்டு வழக்குப் போட வேண்டியிருந்தால், ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பி.எஃப். பணத்தை வெளியேறிய அன்றே எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பத்து ஆண்டு பங்களிப்பு இருந்தால் அந்தத் திட்டத்திலேயே ஓய்வூதியம் உண்டு. குறைவாக இருந்தால் திட்டச் சான்றிதழ் வாங்கி வைக்கலாம்.

இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-ல் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேரும்போது கூடும். ஓ.டி. பார்த்து மாதம் 22,000 வாங்கிய ஒருவருக்கு முதல் மாதம் அது பெரிய உயர்வாகத் தெரியாமல் போகலாம். பழைய ஓய்வூதியம் கிடைக்கும் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னால் நம்பிவிட வேண்டாம். 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு அது நிறுத்தப்பட்டுவிட்டது.

சான்றிதழ் சரிபார்ப்பில் நம்மவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டமோ பத்தாம் வகுப்போ மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பு முழுதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது கை மேல் உள்ள உரிமை. அந்தச் சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே வாங்கி வைக்காமல், கடைசி நேரத்தில் பள்ளி விடுமுறையில் போய்க் கதவைத் தட்டுகிறோம். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணை செய்த அநியாயம் அது, அதை எதிர்த்துப் போராட வேண்டும். ஆனால் விண்ணப்பத்தில் சான்றிதழில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். போராட்டத்தை விண்ணப்பப் படிவத்தில் நடத்தினால் விண்ணப்பம்தான் தள்ளுபடியாகும்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியாது. வன்கொடுமைச் சட்டத்தில் நாம் ஒரு புகார் கொடுத்தால், மறுநாளே எதிர்த்தரப்பிலிருந்து நம் இளைஞர்கள் மீது ஒரு புகார் பதிவாகிறது. ஊரில் இது வழக்கமாகிவிட்டது. அந்த எதிர்வழக்கில் பெயர் சேர்க்கப்படுகிறவர் பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கும் பையன். வழக்கு நடந்தால் நடக்கட்டும் என்று நாமும் வாய்தாவுக்கு மட்டும் போய் வருகிறோம். விண்ணப்பத்தில் வழக்கு இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் பிறகு காவல்துறை சரிபார்ப்பில் தெரிந்து வேலையே போகும். இருப்பதை இருப்பதாக எழுதுங்கள். உண்மையைச் சொன்னவர் விஷயத்தில் வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. நம் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: போராட்டத்துக்கு ஆள் திரட்டும்போது எடுக்கும் அக்கறையில் பாதியை, அந்தப் பிள்ளைகள் மீது விழுந்த வழக்குகளை முடித்துக்கொடுப்பதில் காட்டுங்கள். தலைவர்களுக்கு வழக்கு ஒரு தகுதி. தேர்வு எழுதும் பிள்ளைக்கு அப்படி இல்லை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு. நல்ல முயற்சி. ஆனால் அது திருவள்ளூரில், பகல் நேரத்தில். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேரடி ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜ் போய் மாறிச் சுற்றிவர வேண்டும், அல்லது பெரியபாளையம் வழியாகப் பஸ். ஷிப்ட் முடித்தவர் அங்கே போய் உட்கார்ந்து திரும்புவது நடக்கிற காரியமா? கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று ஷிப்ட் நேரத்தை ஒட்டி ஒரு மையம் வேண்டும் என்று கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட விரும்பும் கம்பெனித் தொழிலாளர்கள் அட்டையில் எந்தக் காண்ட்ராக்டர் பெயர் இருந்தாலும் வரலாம்.

அதுவரை சமுதாயக் கூடத்து வகுப்பை நாங்களே இரண்டாக உடைத்திருக்கிறோம். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மாலை 4 மணிக்கு, பகல் ஷிப்ட்டுக்கு இரவு 9 மணிக்கு. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் முதல் மாதம் முழுதும் தமிழ்தான். ரயில் நிலையத்தில் பார்த்த அந்தத் தம்பி கோபமாக இருப்பார், வர மாட்டார் என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை 4 மணி வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாதியில் தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுப்பப் போனார். வேண்டாம், அரை மணி நேரம் தூங்கட்டும், இன்றைய பாடத்தை அவர் போனுக்கு அனுப்பி வையுங்கள் என்றேன்.